மொன்றியல் வரை விரிக்காத கதிரைகள்

கனடாவை மேற்கிலிருந்து கிழக்காகக் குறுக்கே கடந்தவள் நான் என்று இனி யாரிடமும் சொல்லலாம். என்ன பார்த்தாய் என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. மலை பார்த்தேன், அது கண்ணாடிக்கு வெளியே மழைக்குள் நின்றது. சமவெளி பார்த்தேன், பாதியில் நித்திரையாகிவிட்டேன். நான் முழுமையாகக் கண்டதெல்லாம் வன்கூவரிலிருந்து மொன்றியல் வரையுள்ள தமிழர் வீடுகளின் நிலக்கீழ் அறைகளைத்தான். எல்லா அறையிலும் ஒரு பெரிய தொலைக்காட்சி, யாரும் ஏறாத ஓர் உடற்பயிற்சி இயந்திரம், அதன்மேல் காயும் உடுப்பு.

நான் யாழ்ப்பாணத்தில் உப தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரார் ஒழுங்காகக் கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டு வந்த பார்சல்களோடு பாதி வாழ்க்கை போனது. அக்கா யோசப்பின் கனடாவுக்குக் கூப்பிட்டபோது, இனிப் பார்சல் இல்லாத உலகம் என்ற நிம்மதியோடுதான் விமானம் ஏறினேன். தலையெழுத்து என்னோடு அதே விமானத்தில் வந்தது எனக்குத் தெரியாது.

அக்காவும் அத்தானும் லவாலில் இருக்கிறார்கள். மொன்றியல் தீவுக்கு வடக்கே ஆற்றைத் தாண்டியதும் வருகிற ஊர். சொந்த வீடு, பின்வளவு, கோடையில் மட்டும் உயிரோடிருக்கும் மிளகாய்க் கன்றுகள். அத்தான் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வருடக்கணக்காக இரவு வேலை செய்து, போன வருடம் ஓய்வெடுத்தார். ஓய்வெடுத்தவர் கையில் கைப்பேசி இருந்தது. கைப்பேசிக்குள் ஒரு வெள்ளைக்காரச் சோடி இருந்தது. தலை நரைத்த அந்த இருவரும் வீட்டை விற்றுவிட்டு ஓர் ஆர்.வி. வாங்கியிருந்தார்கள். கட்டில், குசினி, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய வண்டி. நாளுக்கொரு ஏரிக்கரையில் அதை நிறுத்தி, இரண்டு மடக்குக் கதிரைகளை விரித்துக் கோப்பி குடிப்பார்கள். காணொளி அவ்வளவுதான். கோப்பி முடிந்தால் அடுத்த ஏரி. அத்தான் அதைப் பார்த்துப் பார்த்து, நாங்களும் வீட்டை விற்போம், நாங்களும் போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அக்கா மாட்டேன் என்று சொல்லவில்லை. அவள் எதற்கும் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. முதலில் வன்கூவருக்குப் பறந்துபோய், அங்கே ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து நாட்டைக் கடந்து பார்ப்போம், மொன்றியலுக்குத் திரும்பியதும் பதில் சொல்கிறேன் என்றாள். வீடு விற்கிற முகவர் பலகையோடு தயாராக இருந்தார். அக்கா ஓம் என்றால் அந்தக் கிழமையே முற்றத்தில் நட்டுவிடுவாராம். ஆகவே இது அத்தானுக்குப் பரீட்சை, அக்காவுக்கு இருக்கிற வீடு இருக்குமா போகுமா என்கிற கேள்வி. நான் நடுவர் என்று சொல்லி ஏற்றப்பட்டேன். நடுவருக்குச் சாப்பாடு மட்டும் உண்டு, வாக்கு இல்லை.

வன்கூவரில் வண்டி புறப்படுமுன் அத்தான் செய்த முதல் காரியம் இரண்டு மடக்குக் கதிரைகள் வாங்கியது. பச்சை நிறம், கைப்பிடியில் கோப்பை வைக்க வளையம். அக்கா செய்த முதல் காரியம் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டது: வன்கூவரில் இருந்து வண்டியிலேயே மொன்றியலுக்கு வருகிறோம்.

அந்த ஒரு வரிக்கு நாடு முழுக்கப் பதில் வந்தது. யாரும் நல்ல பயணம் என்று எழுதவில்லை. எத்தனை மணிக்கு வருவீர்கள், இடியப்பமா புட்டா, வண்டியில் இடமிருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். வன்கூவரில் ஏறும்போதே ஒரு கறிவேப்பிலைக் கன்று தொட்டியோடு ஏறியது. கல்கரிக்காம். அதற்குப் பட்டி மாட்டி ஒரு சீற்றில் இருத்தினோம். கல்கரியில் கன்று இறங்க, ரெஜைனாவுக்குச் சட்டை தைத்த சேலைகள் ஏறின. ரெஜைனாவில் சேலைகள் இறங்க, வினிபெக்குக்கு ஒடியல் மாவும் கருவாடும் ஏறின. இறங்குவது ஒன்று, ஏறுவது மூன்று. பச்சைக் கதிரைகள் அடியிலிருந்து அடிக்குப் போய்க் கடைசியில் கண்ணில் படவே இல்லை. நான் ஒவ்வொரு பார்சலையும் அவிழ்த்து ஒழுங்காகத் திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தேன். பழக்கதோஷம்.

வண்டிக்குள் ஒருநாள்கூடப் படுக்கவில்லை. எங்கள் வீட்டு வாசல் இருக்கக் காட்டுக்குள் படுப்பதா என்று ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் கோபித்தார். வண்டியை அவர்களுடைய வாசலில் விட்டுவிட்டு, நிலக்கீழ் அறையில் படுத்து, காலையில் சொதியோடு இடியப்பம் சாப்பிட்டு, மத்தியானத்துக்குக் கட்டித் தந்ததையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவோம். வண்டியின் அடுப்பில் ஒரு துளி எண்ணெய் விழவில்லை. சுப்பீரியர் ஏரிக்கரையில் அத்தான் வண்டியை மெதுவாக்கினார். கடல் மாதிரி ஏரி. அலை வேறு அடித்தது. நிறுத்தவா என்று அவர் கேட்கவில்லை. ஆனால் வண்டி கேட்டது. தண்டர்பேயில் புட்டு ஆறுகிறதாம் என்று அக்கா சொன்னாள். வண்டி பழைய வேகத்துக்கு வந்தது.

ஒரேயொரு தடவை அத்தான் தன்னிச்சையாக ஒரு காரியம் செய்தார். ஒன்ராறியோவில் ஒரு கோப்பிக் கடையில், காரில் இருந்தபடியே வாங்குகிற ஒழுங்கைக்குள் இந்த வண்டியை விட்டுவிட்டார். கூரைக்கு முன்னால் ஓர் இரும்புச் சட்டம் குறுக்கே தொங்கியது. பின்னால் ஏழெட்டுக் கார்கள். யாழ்ப்பாணம் என்றால் இதற்குள் பத்துப்பேர் இறங்கி, பத்து விதமாகக் கைகாட்டி, வண்டியைச் சுவரோடு சாத்தியிருப்பார்கள். இங்கே ஒருவரும் கோர்ன் அடிக்கவில்லை. எல்லாரும் மரியாதையாகப் பின்னால் எடுத்து, வரிசையாக வெளியே போய், எங்களுக்கு வழிவிட்டார்கள். அந்த மரியாதை அத்தானைக் கொன்றுவிட்டது. பிறகு மொன்றியல் வரும்வரை அவர் கோப்பி கேட்கவில்லை.

கியூபெக்குக்குள் வந்துவிட்டோம் என்பதைப் பலகை பார்த்துத்தான் அறியவேண்டும் என்றில்லை, முதுகு சொல்லும். றோட்டு மாறிய இடத்தில் வண்டிக்குள் இருந்த எல்லாம் ஒருமுறை எழும்பி விழுந்தன. பிறகு செம்மஞ்சள் கூம்புகள் தொடங்கின. பாலத்தில் கூம்பு, பாலத்துக்குக் கீழே கூம்பு. வேலை செய்கிற ஒருவரையும் காணவில்லை. தான் இந்த நாட்டுக்கு வந்த வருடமும் அவை அங்கேதான் நின்றன என்று அக்கா பெருமையோடு சொன்னாள். சொந்த ஊர் வந்துவிட்டால் அதன் குறைகூடப் பெருமைதான்.

லவாலில் வீட்டு வாசலில் வண்டியை ஏற்றியதும் பக்கத்து வீட்டு முதியவர் வந்தார். கியூபெக்காரர். பொஞ்சூர் சொன்னார், கை கொடுத்தார், வண்டியைச் சுற்றி வந்தார். பிரெஞ்சில் ஏதோ நீளமாகக் கதைத்தார். என்ன சொல்கிறார் என்று அத்தானிடம் கேட்டேன். மிக அழகான வண்டியாம், எப்போது போகுமாம் என்றார் அத்தான்.

மற்றப் பார்சல்கள் வழியிலேயே தீர்ந்து, ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. வினிபெக்கில் பிலோமினா அன்ரி தந்த மடு மாதா படம். ஆள் உயரச் சட்டம், சுற்றிவர மின்குமிழ். மொன்றியல் நகருக்குள் கோட்-டெ-நெய்ஜ் என்கிற பகுதியில் இருக்கிற மகள் அனிற்றாவுக்கு. அனிற்றா அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் தாதியருக்கு உதவியாளராக வேலை செய்கிறாள். புது வீட்டுக்குப் போகிறாளாம். உள்ளே போகிற அன்றே மாதா சுவரில் இருக்கவேண்டும் என்பது தாயின் கட்டளை. படம் அக்காவின் காருக்குள் போகவில்லை. நாளைக்கு வண்டியிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் வண்டியைக் கழுவித் திருப்பிக் கொடுப்போம் என்றாள் அக்கா. நாளைக்கு என்ன நாள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

நாளைக்கு ஜூலை முதலாம் தேதி. நாட்டின் மற்ற ஊர்களெல்லாம் அன்று கொடி பிடித்துக் கனடாவின் பிறந்தநாளைக் கொண்டாடும். மொன்றியல் மட்டும் கட்டில் தூக்கும். இங்கே வாடகை வீட்டு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதே நாளில் முடிந்து அதே நாளில் தொடங்குகின்றன. ஆகவே நகரம் முழுக்க ஒரே நாளில் வீடு மாறும். நான் புக நீ வெளியேறவேண்டும், நீ புகவேண்டிய வீட்டிலிருந்து இன்னொருவன் இன்னும் வெளியேறவில்லை. கோட்-டெ-நெய்ஜுக்குள் திரும்பினால் தெரு முழுக்க லொறி, நடைபாதை முழுக்கச் சோபா. குளிர்பெட்டியை முதுகில் கட்டியபடி ஒரு மனிதர் பச்சை விளக்குக்குக் காத்து நின்றார். இதற்குள்தான் நாங்கள் எங்கள் கப்பலை விட்டோம்.

அக்கா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

“ஐயோ, இண்டைக்கு ஜூலை ஒண்டெல்லோ,” என்றாள்.

மறந்துபோனாளாம். வந்த காலத்தில் இதே கோட்-டெ-நெய்ஜில் ஒவ்வொரு ஜூலையும் மூட்டை கட்டியவள். ஒரு வருடம் மூட்டைப்பூச்சி, அடுத்த வருடம் சூடாக்கி வேலை செய்யாத வீடு, அதற்கடுத்தது கறி மணக்கிறது என்கிற சொந்தக்காரன். சொந்த வீடு வாங்கியவர்கள் முதலில் மறப்பது இந்த நாளைத்தான் போலிருக்கிறது.

அனிற்றா கட்டட வாசலில் பெட்டிகளுக்கு நடுவே நின்றாள். கணவன் றெஜி போனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தான். வாடகைக்குப் பேசியிருந்த லொறிக்காரர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. அவர்களுடைய வீட்டுக்கு வரவேண்டியவர்கள் தங்கள் கட்டிலோடு ஏற்கெனவே படியில் நின்றார்கள். இந்த நேரத்தில் மாதா படத்தோடு நாங்கள் போய் இறங்கினோம். அனிற்றா படத்தைப் பார்க்கவில்லை. எங்கள் வண்டியைப் பார்த்தாள். அன்று அந்தத் தெருவில் வெறுமையாக நின்ற வாகனம் அது ஒன்றுதான்.

யாரும் கேட்கவில்லை. அக்கா கைப்பையை என்னிடம் தந்தாள்.

“இஞ்சருங்கோ, பின்கதவைத் திறவுங்கோ,” என்றாள்.

மூன்று கிழமையாக எந்த றோட்டால் போவது, எப்போது பெற்றோல் அடிப்பது என்று எல்லாவற்றுக்கும் முறுகிக்கொண்டு வந்த இருவரும், அன்று ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் வேலை செய்தார்கள். மெத்தையை எப்படி வளைத்தால் படியில் திரும்பும் என்று அக்காவுக்குத் தெரியும். அலுமாரிக்கு எங்கே பட்டி போட்டால் முதுகு தப்பும் என்று அத்தானுக்குத் தெரியும். அவர் கையை நீட்டினால் அவள் கயிற்றை வைத்தாள். நான் பெட்டிகளைத் திருப்பிக் கட்டினேன். அனிற்றா எங்கள் ஊராரைவிட மோசமாகக் கட்டியிருந்தாள். குளிர்பெட்டி மட்டும் எங்கள் கதவுக்குள் போகவில்லை. பக்கத்துக் கட்டடத்துப் பிரெஞ்சு மாணவர்கள் அதைத் தங்கள் லொறியில் ஏற்றினார்கள். பதிலுக்கு அவர்களுடைய நாய்க்கூண்டு எங்களோடு வந்தது. நல்லவேளை, நாய் நடந்து வந்தது.

அனிற்றாவுக்கு ஐந்து வயதில் ஒரு மகள், சாரா. தமிழ் விளங்கும், பதில் பிரெஞ்சில்தான் வரும். பெரியவர்கள் தூக்கி இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் வண்டிக்குள் ஏறி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கட்டில். மேசை. குட்டிக் குளிர்பெட்டி. கக்கூஸ், அதற்குத் தண்ணீரும் வந்தது. இன்றைக்குப் புது வீட்டுக்குப் போகிறோம் என்று காலையில் தாய் சொல்லியிருந்தாள். சாரா கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

புது வீடு நான்கு தெரு தள்ளித்தான். அங்கே போய் எல்லாவற்றையும் இறக்கினோம், சாராவைத் தவிர. அவள் பின்கட்டிலில் பொம்மையை அணைத்துக்கொண்டு இருந்தாள். றெஜி கூப்பிட்டான், வரவில்லை. அனிற்றா வெருட்டினாள், வரவில்லை. இதுதான் எங்கள் வீடு, நான் இறங்கமாட்டேன் என்கிறாள் என்று அனிற்றா எனக்கு மொழிபெயர்த்தாள். பொறுங்கள், நான் கதைக்கிறேன் என்று அத்தான் உள்ளே போனார். அக்கா ஒரு தலையணையோடு வண்டியின் படியில் நின்றாள்.

இது வாடகை வண்டி, வீடில்லை என்றார் அத்தான். கட்டில் இருக்கிறதே என்றாள் சாரா, அனிற்றாவின் மொழிபெயர்ப்பில். அடுப்பு இருக்கிறதே, கக்கூஸ் இருக்கிறதே என்று அடுக்கினாள். இதே அடுக்கை லவாலில் சாப்பாட்டு மேசையில் அத்தான் வாயால் நாங்கள் பல தடவை கேட்டிருக்கிறோம். பனி காலத்தில் குழாயில் தண்ணீர் உறைந்துவிடும் என்றார் அவர். பனி இல்லாத இடத்துக்கு ஓடுவோம் என்றாள் அவள். அதுவும் அவருடையதுதான். உன் சிநேகிதப் பிள்ளைகள் வந்தால் எங்கே இருத்துவாய் என்று கேட்டார். அவர்கள் வரவேண்டாம், நாங்கள் அவர்களிடம் போவோம் என்றாள்.

அத்தான் அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். 

“போனா அவை தங்கட வீட்டிலதான் படுக்கச் சொல்லுவினம், பிள்ளை. இதில ஒருநாளும் படுக்க விடமாட்டினம். நான் போய்ப் பாத்திட்டன்,” என்றார். “ஆக்கள் வந்து தட்டுறதுக்கு ஒரு கதவு வேணும் அம்மா. நேற்று நிண்ட இடத்திலயே இண்டைக்கும் நிக்கிற கதவு.”

சாரா யோசித்தாள். அப்படியென்றால் புதுக் கதவை முதலில் தான்தான் தட்டவேண்டும் என்று பிரெஞ்சில் ஒரு நிபந்தனை போட்டாள். அத்தான் சம்மதித்தார். அவள் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, படியேறி ஓடிப்போய், உள்ளே ஒருவரும் இல்லாத வீட்டின் கதவைத் தட்டிவிட்டுத் திறக்கும்வரை காத்து நின்றாள்.

அக்கா படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது திரும்பி வந்த அத்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையணை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. மூன்று கிழமையாக அவள் வாயால் சொல்லாத காரணங்களை எல்லாம் இந்த மனிதர் தானே சொல்லி, ஐந்து வயதுப் பிள்ளையிடம் வழக்கையும் வென்றுவிட்டு வந்து நின்றார். நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது. இத்தனை வருடம் ஊர் தூங்க இவர் விழித்திருந்து பெட்டி அடுக்கினார்; பதிலுக்குக் கேட்டது ஓர் ஏரிக்கரை.

“நான் இன்னும் பதில் சொல்லேல்லை,” என்றாள் அக்கா.

“சொல்லத் தேவையில்லை,” என்றார் அத்தான்.

அக்கா தலையணையை என்னிடம் தந்துவிட்டு வண்டிக்குள் போனாள். ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. இரண்டு பச்சைக் கதிரைகளோடு வந்தாள். வன்கூவரில் வாங்கிய விலைத்துண்டு இன்னும் தொங்கியது. யாரோ எறிந்துவிட்டுப் போன ஒரு சோபாவுக்கும் உடைந்த மேசைக்கும் நடுவில், கோட்-டெ-நெய்ஜ் நடைபாதையில், அவற்றை விரித்தாள். பிறகு அந்த வண்டியின் அடுப்பை முதன்முதலாகப் பற்றவைத்து மூன்று தேத்தண்ணி ஊற்றினாள். எனக்குப் படிதான் கிடைத்தது. நடுவருக்குக் கதிரை வாங்கவில்லையே.

“வீடு நிக்கட்டும்,” என்றாள் அக்கா, தெருவைப் பார்த்தபடி. “வாற வருசமும் ஒரு வண்டி எடுப்பம். ஒருத்தருக்கும் சொல்லாமல் போவம். ஏரி ஏரியா நிப்பாட்டுவம்.”

“இந்த முறை எல்லாருக்கும் சொன்னது ஆர்?” என்று அத்தான் கேட்டார்.

“நான்தான். வேணுமெண்டுதான் சொன்னனான். உங்களுக்கு இது பிடிச்சுப்போனா என்ர வீடு போயிடுமெண்டு பயந்திட்டன்.”

அத்தான் தேத்தண்ணியைக் கைப்பிடி வளையத்தில் வைத்தார். கோப்பை அளவாக இருந்தது. அவருக்கு அதில் ஒரு திருப்தி வந்ததை நான் கண்டேன். அப்போது ஒரு மாணவி, கையில் யாரோ எறிந்த விளக்கொன்றோடு, எங்கள் முன்னால் நின்று பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். இந்தக் கதிரைகளும் வீசுவதா, எடுக்கலாமா என்று கேட்கிறாள் என்று அக்கா சொன்னாள். இல்லை, இப்போதுதான் இருக்கத் தொடங்கினோம் என்று அத்தான் அவளுக்குப் பதில் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பக்கத்துச் சோபாவின் மெத்தையை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் புவாண்ட்-கிளேரில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். பொறுப்பெடுத்த பெண் உள்ளே ஏறி, மூக்கைச் சுருக்கி, அடுப்பைத் திறந்து பார்த்து, குழம்பிப்போனாள். இவ்வளவு மணம், அடுப்போ புத்தம் புதிது. கருவாட்டின் பயணக் கதையைப் பிரெஞ்சில் விளக்க அத்தானால் முடியவில்லை. யன்னல்களைத் திறந்துவிட்டுச் சிரித்தபடி கையெழுத்துப் போட்டாள்.

நாங்கள் சாமான்களை அக்காவின் காருக்கு மாற்றுகிறபோது அத்தான் தள்ளிப்போய் நின்று போன் எடுத்தார். முதலாவது, முகவருக்கு. பலகை வேண்டாம் என்று அவர் சொன்னது இங்கேவரை கேட்டது. அக்கா கேளாதவள்போல் நின்றாள். ஆனால் கையில் இருந்த பையை அப்படியே பிடித்தபடி, அவர் சொல்லி முடிக்கும்வரை அசையவில்லை. பிறகு அத்தான் இரண்டாவது போன் எடுத்தார். அது வன்கூவருக்கு.

“ஓம், ஓம், வாற வருசமும் வாறம்,” என்றார் அத்தான், முகம் மலர. “கறிவேப்பிலைக் கண்டோ? பெரிசோ? சரி, வையுங்கோ. இடமிருக்கு.”

நான் அக்காவைப் பார்த்தேன். இப்போது வெடிக்கப் போகிறாள் என்று இரண்டடி விலகியும் நின்றேன். அவள் காரின் பின்பெட்டியை ஒருமுறை பார்த்தாள். அடியில் வைத்திருந்த பச்சைக் கதிரைகளை வெளியே இழுத்தாள். பைகளை எல்லாம் உள்ளே தள்ளிவிட்டு, கதிரைகளை அவற்றின்மேல் வைத்தாள்.

“றோசி, வாற வருசம் நீயும் வா,” என்றாள். “பார்சலை நீ கட்டு. ஆனா எது ஏறினாலும் கதிரை மேலதான் இருக்கவேணும்.”